வாசகர் கேள்வி: அறுபது பேர் போதுமா, டாக்டர்?

தென் மாவட்டமொன்றின் அரசு மருத்துவமனையில் பதினொரு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றிவிட்டு, இப்போது எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்தால் பயன் உண்டா என்பது அவருடைய ஆய்வு. கால் விரலை இழந்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கட்டுப் போட்டவர் என்பதால் வந்த ஆர்வம் அது. நெறியாளர் மூன்று முறை தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார். மேல் வகுப்பில் படித்தவர்கள் எல்லோரும் 60 பேரை எடுத்ததால் இவரும் 60 பேர் என்று எழுதி வைத்திருக்கிறார். வினாத்தாளில் குறைந்த மதிப்பெண் வாங்குபவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அரை மணி நேரம் பாடம் நடத்தி, ஏழாம் நாள் அதே வினாத்தாளைத் திரும்பக் கொடுப்பதும், ஒரு மாதம் கழித்து ஹெச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை செய்வதும் திட்டம். தகவல் சேகரிக்க ஆறு மாதம் இருக்கிறது. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் கூட்டம் இன்னும் மூன்று வாரத்தில். இதற்கிடையே, தாம் வேலை பார்த்த மருத்துவமனைக்கே போய் 22 பேரிடம் வினாத்தாளை நிரப்பியும் வாங்கிவிட்டார். ஒரு பாட்டி எல்லாக் கேள்விகளுக்கும் "ஆமா தாயி" என்றே பதில் சொன்னாராம். 60 பேர் போதுமா, அந்த 22 பேரைக் கணக்கில் சேர்க்கலாமா, பி மதிப்பு என்ற புள்ளியியல் எண் 0.05-க்குக் கீழே வராவிட்டால் ஆய்வேட்டை ஏற்பார்களா, "வர வைத்துத் தருகிறேன்" என்று சொல்லும் புள்ளியியல் நண்பரிடம் தகவலைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

சமூக மருத்துவத் துறையில் ஆய்வு முறையியல் கற்பிப்பவன் என்ற முறையிலும், நெறிமுறைக் குழுவொன்றில் பல ஆண்டுகளாக அமர்ந்திருப்பவன் என்ற முறையிலும் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். உங்கள் தலைப்பு நல்ல தலைப்பு. உங்களுக்கு அதில் உண்மையான அக்கறை இருப்பதும் கடிதத்தில் தெரிகிறது. ஆனால் நீங்கள் முதலாவதாகக் கேட்டிருக்கும் "எத்தனை பேர்" என்ற கேள்விக்கு, வேறு சில முடிவுகளை எடுத்த பிறகுதான் விடை கிடைக்கும். நெறியாளர் மூன்று முறை தலைப்பைத் திருப்பியனுப்பியதற்கும் இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். தலைப்பில் உள்ள சொற்களை மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்கு அடியில் இருக்க வேண்டிய கேள்வி இன்னும் முடிவாகவில்லை.

எதில் பயன் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"பயன் உண்டா" என்பதை யாருக்கு, எதோடு ஒப்பிட்டு, எதில், எவ்வளவு காலத்தில் என்று நான்காகப் பிரித்தால்தான் அது ஆய்வுக்குரிய கேள்வியாகும். இவற்றில் "எதில்" என்பதுதான் உங்கள் திட்டத்தில் குழம்பிக் கிடக்கிறது. பாடம் கேட்டவருக்கு விஷயம் தெரிந்திருப்பது ஒன்று. தெரிந்ததை அவர் வீட்டில் செய்வது வேறு. செய்ததனால் காலில் புண் வராமல் இருப்பது இன்னொன்று. வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்பது தெரிந்தே களத்துமேட்டில் வெறுங்காலோடு நிற்பவர்களை நீங்கள் என்னைவிட அதிகமாகப் பார்த்திருப்பீர்கள். ஏழாம் நாள் அதே வினாத்தாளைக் கொடுத்தால் நீங்கள் அளப்பது முதல் படியை மட்டுமே. அதிலும் ஒரு பகுதி, அந்த வினாக்களை ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்ட நினைவினால் வருவது.

ஹெச்பிஏ1சி பரிசோதனையை விட்டுவிடுங்கள். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அந்த அளவு கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. பாடம் நடத்திய ஒரு மாதத்தில் எடுத்தால், பாடம் நடத்துவதற்கு முந்தைய வாரங்களும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கும். அதைவிட முக்கியமாக, நகம் வெட்டவும் செருப்புப் பார்த்து வாங்கவும் சொல்லிக்கொடுக்கும் பாடம் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை. நோயாளியிடமிருந்து காரணமில்லாமல் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாலும் நெறிமுறைக் குழு அதைக் கேட்கும்.

உங்கள் கேள்வியை நான் இப்படி எழுதிப் பார்த்தேன்: "தாலுகா மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவுக்கு வரும், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள, காலில் தற்போது புண் இல்லாத பெரியவர்களில், வழக்கமான ஆலோசனையோடு அரை மணி நேரப் பாதப் பராமரிப்புப் பயிற்சியும் பெற்றவர்களுக்கு, வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட, மூன்று மாத முடிவில் பாதப் பராமரிப்பு மதிப்பெண் கூடுதலாக இருக்குமா?" நீளமான வாக்கியம்தான். ஆனால் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, எப்போது அளப்பது, யாரோடு ஒப்பிடுவது என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. இதை நெறியாளரிடம் கொண்டு போனால் பேச்சு தலைப்பைப் பற்றி இல்லாமல் ஆய்வைப் பற்றி நடக்கும்.

அந்த வாக்கியத்தில் "பிரிவுக்கு வரும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து, நடக்க முடியாத முதியவர்கள் பலருக்கு மாத்திரை வீட்டுக்கே போகிறது. காலுக்கு ஆபத்து அதிகமாக இருக்கக்கூடிய அவர்கள் உங்கள் வரிசையில் நிற்கவே மாட்டார்கள். அதனால் உங்கள் முடிவு நடந்து வருபவர்களுக்கு மட்டுமே பொருந்தும்; இதை ஆய்வேட்டில் நீங்களே எழுதிவிட வேண்டும்.

"ஆமா தாயி" சொன்ன பாட்டி

நீங்கள் இணைத்திருந்த வினாத்தாளை முழுவதும் படித்தேன். இணையத்தில் கிடைத்த ஆங்கில வினாத்தாளின் மொழிபெயர்ப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் வினா, "தாங்கள் தினமும் தங்கள் பாதங்களைப் பரிசோதிக்கிறீர்களா?" என்று இருக்கிறது. நம் ஊரில் பரிசோதனை என்றால் ரத்தம், சிறுநீர் கொடுப்பது. அதைக் கேட்டவர் ஆய்வகத்தை நினைத்திருப்பாரே தவிர, இரவில் திண்ணையில் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதை நினைத்திருக்க மாட்டார். "தினமும் காலைப் பார்ப்பீர்களா" என்று எளிமைப்படுத்தினாலும் சிக்கல் தீராது. "காலை" என்பது பொழுதாகவும் காதில் விழும். "ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி உள்ளங்காலத் திருப்பிப் பாக்குற பழக்கம் உண்டா? நேத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாத ஒரு குறிப்பான நாள் கேள்விக்குள் வந்துவிடுகிறது.

அந்தப் பாட்டி பொய் சொல்லவில்லை. மாத்திரை கொடுக்கும் சிஸ்டர் கேட்கும்போது இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பார். இந்தச் சாய்வைக் குறைக்க, கேட்டு அறிவதோடு கண்ணால் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகம் நேராக வெட்டப்பட்டிருக்கிறதா, விரல் இடுக்கில் ஈரமும் வெண்மையும் இருக்கிறதா, குதிகாலில் வெடிப்பு எவ்வளவு, செருப்புக்குப் பின்வார் உண்டா என்று பத்துப் பொருள் கொண்ட பார்வைப் பட்டியல் ஒன்று தயாரியுங்கள். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை எடுத்துவரச் சொல்லி உள்ளே விரலை ஓட்டிப் பாருங்கள்; தேய்ந்த இடமும் துருத்திய ஆணியும் எந்த வினாத்தாளிலும் அகப்படாது. வினாத்தாளைத் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு, மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு மாற்றிச் சரிபார்ப்பதும் அவசியம். மூல வினாத்தாளை உருவாக்கியவர்களின் அனுமதியும் வேண்டும்.

ஒப்பிட ஆள் இல்லாமல் முன்னும் பின்னும் அளப்பது

உங்கள் திட்டத்தின் பெரிய பலவீனம் இதுதான். மதிப்பெண் குறைந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, மறுபடி அளந்தால், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்காவிட்டாலும் சராசரி ஓரளவு உயரும். ஒருவருடைய மதிப்பெண் அன்றைய அலுப்பு, பசி, பேருந்துக்கு நேரமாகும் பரபரப்பு ஆகியவற்றைப் பொறுத்து ஏறி இறங்கும். மிகக் கீழே இருந்தவர்களைப் பிடித்தால் அவர்களில் பலர் அன்று மட்டும் கீழே இருந்தவர்கள்; அடுத்த முறை தங்கள் வழக்கமான நிலைக்குத் திரும்புவார்கள். அந்த உயர்வைப் பாடத்தின் பயன் என்று எழுதினால் அது தவறான முடிவு. எனவே மதிப்பெண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தகுதியுள்ள எல்லோரையும் அழையுங்கள், அவர்களை இரண்டு குழுவாகச் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, பிரியுங்கள்.

ஒப்பீட்டுக் குழு எதற்கு, எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கலாமே என்று எழுதியிருந்தீர்கள். நல்லது என்று எல்லோரும் நம்பிய ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தபோது எப்படி ஆனது என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு பெரும் சான்று உண்டு. 1956-இல் தொடங்கிய சென்னைக் காசநோய் வேதிமருத்துவ மையத்தில் (இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான்) மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. காசநோய் என்றால் சானடோரியத்தில், அதாவது நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையில், ஓய்வு, நல்ல உணவு, நல்ல காற்று வேண்டும் என்பது அன்றைய உறுதியான நம்பிக்கை. 193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவர்களுடைய வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் மேலாக இருந்தும், நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் காசநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. வீட்டில் இருந்தவர்களை மட்டும் மருத்துவர்கள் பார்த்திருந்தால், "சானடோரியத்தில் இருந்திருந்தால் இன்னும் நன்றாகத் தேறியிருப்பார்கள்" என்று சொல்லி முடித்திருப்பார்கள்.

பிரிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஓ.பி. சீட்டின் ஒற்றை எண் ஒரு குழு, இரட்டை எண் ஒரு குழு என்பது சமவாய்ப்பு ஆகாது; அடுத்து வருபவர் எந்தக் குழு என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், தெரிந்தால் நம் மனமே "இவர் ஒத்துழைப்பார்" என்று ஆளைப் பார்த்துச் சேர்க்கத் தொடங்கிவிடும். வேறொருவர் கணினியில் பட்டியல் தயாரித்து, வரிசை எண் இட்ட ஒளிபுகா உறைகளில் ஒட்டித் தரட்டும். நோயாளி ஒப்புதல் தந்து, முதல் அளவீடும் முடிந்த பிறகு உறையைத் திறங்கள். மூன்று மாதம் கழித்துக் காலைப் பார்ப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. அதற்கு உங்கள் வகுப்புத் தோழி ஒருவரைக் கேட்கலாம்.

ஒரே ஊர்க்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கேட்ட பாடத்தைப் பேசிக்கொள்வார்கள் என்பது உண்மை. பயிற்சியைத் தனி அறையில் நடத்தி, ஒரே வீட்டிலிருந்து ஒருவரை மட்டும் சேர்த்தால் இது குறையும், முற்றிலும் போகாது. அதையும் குறை என்று எழுதிவிடுங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கு வழக்கமான சிகிச்சை எதுவும் நிற்கக் கூடாது. யாருக்காவது புண்ணைக் கண்டால் குழு பாராமல் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் அவர்களுக்கும் அதே பயிற்சியைத் தர வேண்டும்.

இனி, அறுபது

கூறளவு, அதாவது ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்பது, நான்கு விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க விரும்புகிறீர்கள், அந்த அளவு ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது, இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் தவறுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறீர்கள், இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் திறன் எவ்வளவு வேண்டும். கடைசி இரண்டுக்கும் வழக்கமாக முறையே 5 விழுக்காடும் 80 விழுக்காடும் வைப்பார்கள். ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். உங்கள் எண்களை முந்தைய ஆய்வுகளிலிருந்தும் முன்னோட்டத்திலிருந்தும் எடுத்துப் போட வேண்டும்.

இப்போது 30 விழுக்காட்டினர் தினமும் பாதத்தைப் பார்க்கிறார்கள், பயிற்சிக்குப் பின் 50 ஆகும் என்று வைத்தால், குழுவுக்கு 91 பேர் வேண்டும். மூன்று மாதத்தில் 15 விழுக்காட்டினர் வராமல் போவார்கள் என்று சேர்த்தால் குழுவுக்கு 107. ஆம், இல்லை என்று பிரிக்காமல் மொத்த மதிப்பெண்ணை அளந்து, திட்ட விலக்கத்தில் (மதிப்பெண் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு) பாதி அளவுக்கு வேறுபாடு இருந்தால் போதும் என்று வைத்தால் குழுவுக்கு 63. விடுபடுவோரையும் சேர்த்து 75. உங்கள் 60 பேரை முப்பது முப்பதாகப் பிரித்தால், 30 விழுக்காடு சுமார் 65 ஆகத் தாவினால்தான் அதைக் கண்டுபிடிக்க 80 விழுக்காடு வாய்ப்பு கிடைக்கும். அரை மணி நேரப் பாடத்துக்கு அது மிகப் பெரிய எதிர்பார்ப்பு. புண் வருவதையே அளக்கலாமா என்றால், 4 விழுக்காடு 2 ஆகக் குறைவதைக் காணக் குழுவுக்கு ஏறத்தாழ 1,140 பேர் வேண்டும். ஒரு மாணவியால் ஆறு மாதத்தில் செய்யக்கூடியது அல்ல அது.

ஆகவே மதிப்பெண்ணை அளக்கும் 150 பேர் ஆய்வையே பரிந்துரைக்கிறேன். மாதந்தோறும் மாத்திரைக்கு வருபவர்கள் என்பதால், இரண்டு மாதம் சேர்த்து, ஒவ்வொருவரையும் மூன்று மாதம் தொடர்ந்தால் உங்கள் ஆறு மாதத்துக்குள் அடங்கும், ஒரு மாதம் கையிருப்பும் இருக்கும். அனுமதி தாமதமாகி அந்தக் காலம் சுருங்கினால், தயங்காமல், ஒவ்வொருவரையும் ஒரே ஒருமுறை மட்டும் அளக்கும் குறுக்குவெட்டு ஆய்வுக்கு மாறிவிடுங்கள். எத்தனை பேர் பாதத்தைப் பார்க்கிறார்கள், பார்க்காதவர்களைத் தடுப்பது எது என்பது மட்டும் கேள்வி. 30 விழுக்காடு என்ற எதிர்பார்ப்பில் விடை 7 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற துல்லியம் போதுமென்றால் 165 பேர், ஒரே சந்திப்பு. தலைப்பில் "பயன்" என்ற சொல் இருக்காது. நெறியாளர் சற்று முகம் சுளிக்கலாம். அரைகுறையாக நடத்திய பயிற்சி ஆய்வைவிட ஒழுங்காக நடத்திய கணக்கெடுப்பு மேல் என்று என் பெயரைச் சொல்லாமலே அவரிடம் வாதாடலாம்.

அந்த 22 பேர்

சேர்க்கக் கூடாது. முன்னோட்ட ஆய்வு என்று பின்னால் பெயர் மாற்றியும் சேர்க்கக் கூடாது. முன்னோட்டமும் ஆய்வுதான், அதற்கும் முன் அனுமதி வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை வழிகாட்டுதல்களின்படி, குழு பரிசீலித்து அனுமதி தந்த பிறகே ஆய்வைத் தொடங்க முடியும். முடிந்த பிறகு பின்தேதியிட்டு அனுமதி தர எந்தக் குழுவுக்கும் உரிமை இல்லை. தாள்களை நீங்களாகக் கிழித்தும் போட வேண்டாம். நடந்ததை நெறியாளரிடம் சொல்லி, உறையில் இட்டு ஒப்படைத்து, விண்ணப்பத்தோடு ஒரு பத்தியில் குழுவுக்கும் தெரிவியுங்கள். நாங்கள் கடுமையாகக் கேள்வி கேட்போம், ஆனால் தானாக வந்து சொன்ன மாணவியை நான் அமர்ந்த எந்தக் கூட்டத்திலும் ஒதுக்கியதில்லை. பிறகு தெரியவந்தால் பட்டமே கேள்விக்குள்ளாகும்.

ஒப்புதல் பெறுவதிலும் உங்கள் நிலை சிக்கலானது. பதினொரு ஆண்டுகள் ஊசி போட்ட கை நீட்டும் தாளில், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. கையெழுத்துப் போடாவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் சிலருக்கு இருக்கும். ஆகவே வேறொருவர் விளக்கி ஒப்புதல் பெறட்டும். மறுத்தாலும், நடுவில் விலகினாலும் சிகிச்சை மாறாது என்பது தகவல் தாளில் முதல் பத்தியிலேயே, பேச்சுத் தமிழுக்கு நெருக்கமான நடையில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவரிடம் ஆய்வுக்குத் தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன் வாசித்துக் காட்டிக் கைரேகை பெற வேண்டும். ஒரு படி அவரிடமே போக வேண்டும்.

பயிற்சி தந்து ஒப்பிடுவதால் உங்கள் ஆய்வை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை. ஆனால் 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பு பதியும் ஆய்வுகளை மட்டுமே அங்கே ஏற்கிறார்கள். அனுமதி கிடைத்த அன்றே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

பி மதிப்பும் உங்கள் நண்பரும்

பி மதிப்பு என்பது தேர்ச்சி மதிப்பெண் போன்ற ஒன்று என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரு குழுக்களுக்கும் இடையே உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கண்ட அளவோ அதைவிடப் பெரிய அளவோ வேறுபாடு தற்செயலாகத் தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்பதையே அது சொல்கிறது. வேறுபாடு பெரியதா, நோயாளிக்கு உபயோகமானதா என்பதை அது சொல்லாது. அதற்கு வேறுபாட்டின் அளவையும், அது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இருக்கக்கூடும் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியையும் எழுத வேண்டும். சரியாகத் திட்டமிட்ட 150 பேர் ஆய்வில் அரை மணி நேரப் பாடத்தால் பழக்கம் மாறவில்லை என்று தெரிந்தால், அது மருத்துவமனைகளுக்குத் தேவையான செய்தி. அந்த அரை மணி நேரத்தைச் செருப்பு வாங்கிக் கொடுக்கவோ வீட்டாரை அழைத்துப் பேசவோ செலவிடலாம் அல்லவா?

"வர வைத்துத் தருகிறேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள். எண்ணை மாற்றினால் அது போலித் தகவல். மாற்றாமல், இருபது விதமாகப் பிரித்துப் பார்த்து, 0.05-க்குக் கீழே வந்த ஒன்றை மட்டும் எடுத்து எழுதினாலும் கிட்டத்தட்ட அதே தவறு. இருபதில் ஒன்று தற்செயலாகவே அப்படி வரக்கூடும். ஆய்வேட்டில் இருப்பது உங்கள் பெயர், அவருடைய பெயர் அல்ல. முதன்மை அளவு எது, எந்தச் சோதனையால் பகுப்பாய்வு செய்வேன் என்பதை இப்போதே திட்ட அறிக்கையில் எழுதிப் பதிவேட்டிலும் ஏற்றிவிட்டால், பிறகு உங்களையும் யாரும் அந்தப் பக்கம் இழுக்க முடியாது. உங்கள் கல்லூரியிலோ அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையிலோ புள்ளியியலாளர் இருப்பார். தகவல் சேகரித்த பிறகு போகாமல், இந்த வாரமே போய் அவரைப் பாருங்கள்.

மூன்று வாரம் குறைவுதான் என்றாலும் போதும். கேள்வியை எழுதிய அந்த ஒரு வாக்கியத்தோடு நெறியாளரை நாளையே சந்தியுங்கள். பிறகு பார்வைப் பட்டியல், தகவல் தாள், கூறளவுக் கணக்கு என்று வரிசையாகச் செய்யுங்கள்.

அந்த 22 பேரும் வினாக்களை ஏற்கெனவே பார்த்துவிட்டதால் புதிய ஆய்விலும் அவர்களைச் சேர்க்க முடியாது. ஆனால் அவர்கள் உங்களுக்காக நேரம் கொடுத்தவர்கள். அடுத்த மாதம் மாத்திரைக்கு வரும்போது, எந்தத் தாளும் இல்லாமல், அவர்களை உட்கார வைத்துக் காலைக் கையிலெடுத்துப் பார்த்துப் பாதப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுங்கள். அது செவிலியரின் அன்றாடப் பணி. அதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை. அந்தப் பாட்டியிடம் மட்டும், நேற்று ராத்திரி உள்ளங்காலைப் பார்த்தாரா என்று கேட்டுவிடுங்கள்.